மழைக்காலத்துக்கு முன் கடைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே காப்பீட்டைப் பார்த்துவிடுங்கள். சிறு தொழில்களுக்கென்றே 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுத் திட்டம் இது. 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. ஓரிடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்த்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் எடுக்கலாம். புயல், வெள்ளம் இரண்டும் இதில் அடக்கம். பிரீமியம் குறைய வேண்டுமென்று சரக்கு மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் இழப்பீட்டிலும் வெட்டு விழும்.

அப்புறம், உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். அரசுத் தளத்தில் இலவசம்தான், இடைத்தரகருக்குக் காசு கொடுப்பது வீண். சரக்குப் பட்டியல், பில், இயந்திரங்களின் புகைப்படம் எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்; பீரோவில் இருக்கும் காகிதம்தான் முதலில் நனையும். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. ஷட்டரிலேயே எழுதி ஒட்டிவிடலாம்.