தீவில் புதுக்குடித்தனம்: முதல் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் தயாராவது எப்படி

பெருநிலத்தில் இருப்பவர்கள் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் ஏதாவது ஒரு கடையில் ஏதாவது அகப்படும். தீவில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. அலமாரியில் இருப்பது போன கப்பலில் வந்த சரக்கு. அது தீர்ந்தால், அடுத்த கப்பல் வரும்வரை கடைக்காரரும் உங்களைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கல்யாணமான முதல் டிசம்பரை வெளிநாட்டுத் தீவில் கழிக்கப் போகும் ஜோடி, 25ஆம் தேதிக்கு முந்தைய கடைசிக் கப்பல் நாளைத்தான் காலண்டரில் முதலில் வட்டமிட வேண்டும். மற்றதையெல்லாம் அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வரலாம்.

கப்பல் நாள்

சிறிய தீவுகள் பலவற்றுக்குப் பெரிய சரக்குக் கப்பல் நேராக வருவதில்லை. பக்கத்துப் பெரிய துறைமுகத்தில் கன்டெய்னரை இறக்கி, சின்னக் கப்பலுக்கு மாற்றி அனுப்புவார்கள். அலை எழும்பி அடித்தால் அந்தச் சின்னக் கப்பல் துறையில் அணைய முடியாமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். அணைந்த பிறகும் சுங்கம், லாரி, கிடங்கு என்று பாக்கி இருக்கிறது. ஆகவே கப்பல் கம்பெனி அட்டவணையை நோண்டுவதைவிட, நவம்பர் முதல் வாரத்தில் பலசரக்குக் கடைக்காரரிடமே கேட்டுவிடுங்கள்: "கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைசியாக எந்தக் கிழமை புதுச் சரக்கு அடுக்குவீர்கள்? அதற்கு முந்தினது எப்போது?" இரண்டு தேதியும் வேண்டும்.

மைதா, சர்க்கரை, கோகோ, பேக்கிங் பவுடர், எண்ணெய், மெழுகுவத்தி, டாய்லெட் பேப்பர் என்று கெடாத சாமான் எல்லாம் கடைசிக்கு முந்தின கப்பலிலேயே வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும். கடைசிக் கப்பலுக்கென்று விட்டுவைப்பது முட்டை, பால், பழம், காய் மட்டும். அது வராமல் போனாலும் விருந்து நின்றுவிடாதபடி பால்பவுடரும் டின்னில் அடைத்த பழமும் ஒரு ஓரமாக இருக்கட்டும். புதுக் காய்கறி அடுக்கிய ஒன்றிரண்டு நாளில் அலமாரி வழித்துத் துடைத்தாற்போல் ஆகிவிடும் என்பதால், அன்றைக்கு யார் வேலைக்கு நடுவில் கடைக்கு ஓடுவது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ் சிலிண்டரும் கப்பலில்தான் வருகிறது. மீதி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி. சிலிண்டரின் காலி எடை அதன் மேல் வளையத்திலோ கழுத்துப் பகுதியிலோ பொறித்திருக்கும். நிறுத்துப் பார்த்து அதைக் கழித்தால் கணக்கு வந்துவிடும். தராசு இல்லையென்றால் ஒரு செம்பு வெந்நீரை (கொதிநீர் வேண்டாம்) சிலிண்டரின் பக்கவாட்டில் மேலிருந்து வழியவிடுங்கள். அரை நிமிடம் கழித்து உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வாருங்கள். வெதுவெதுப்பு ஓர் இடத்தில் சட்டென்று நின்று கை சில்லென்று உணரும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதுதான் உங்கள் காஸ். கோடு பாதிக்குக் கீழே இருந்தால் டிசம்பர் பிறப்பதற்குள் மாற்றுச் சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

புயலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அட்லான்டிக்கில் புயல் பருவம் நவம்பர் 30ஆம் தேதியோடு முடியும். தென் பசிபிக்கில் அது நவம்பரில்தான் தொடங்கி ஏப்ரல்வரை நீளும். மேற்குப் பசிபிக்கில் எந்த மாதமும் வரலாம். பிலிப்பைன்ஸின் சியார்காவ் தீவில் ராய் புயல் கரையேறியது 2021 டிசம்பர் 16 அன்று. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு 24 லிட்டர் குடிநீர். தீவில் ஒரு வாரத்துக்கு வைப்பதே புத்தி. நீண்ட விடுமுறைக்கு முன் ஏடிஎம் காலியாகும், கார்டு இயந்திரம் இணைப்பில்லாமல் படுத்துக்கொள்ளும். ஒரு வாரச் செலவுக்கு ரொக்கமும், தினசரி மருந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் மாத்திரையும் கையில் வைத்திருங்கள்.

வீட்டிலிருந்து வரும் பார்சல்

இரண்டு வீட்டுக்காரர்களும் ஏதாவது அனுப்பத் துடிப்பார்கள். தபால் துறை அறிவிக்கும் கடைசித் தேதி பெரும்பாலும் பெரிய ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்வது. அங்கிருந்து தீவுக்கு வருவது சின்ன விமானம் என்றால், ஆட்களும் பெட்டிகளும் எடை கூடிப்போன நாளில் முதலில் இறக்கி வைக்கப்படுவது தபால் மூட்டைதான். அறிவித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே அனுப்பச் சொல்லுங்கள். கடல் தபால் என்றால் செப்டம்பரிலேயே புறப்பட்டிருக்க வேண்டும்.

சுங்கப் படிவத்தில் "பரிசு" என்று ஒற்றை வார்த்தை எழுதினால் பார்சல் பிரிபடும். சிறு பொதிக்கு சிஎன் 22 என்ற படிவம், மதிப்போ எடையோ கூடினால் சிஎன் 23. இரண்டிலும் பொருள்வாரியாக எழுத வேண்டும். "பருத்திச் சட்டை 2, அரை கிலோ, விலை இவ்வளவு" என்கிற மாதிரி. அதிகாரிக்குச் சந்தேகம் எழாத பார்சல்தான் சீக்கிரம் வெளியே வரும்.

எதை அனுப்பக்கூடாது என்பதில்தான் பாசம் கண்ணை மறைக்கும். தீவுகள் பூச்சிக்கும் பயிர்நோய்க்கும் பயந்தவை. விதை, இறைச்சி, தேன், காய்ந்த பூ, வைக்கோல், பட்டை உரிக்காத மரம், அலங்காரத்துக்கு வைக்கும் பைன் காய்கூடத் தடுத்து வைக்கப்படலாம். சென்ட்டில் ஆல்கஹால் இருப்பதால் விமானத் தபாலில் போகாது. பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் அப்படியே. பட்டாசு, மத்தாப்பு பற்றிப் பேச்சே வேண்டாம். துணி, அச்சிட்ட புகைப்படம், கைப்பட எழுதிய கடிதம், பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டின் நகல் இவையெல்லாம் எந்தச் சுங்கத்தையும் தாண்டும்.

நீங்கள் அனுப்ப வேண்டியதைத் தீவிலிருந்து அனுப்பாதீர்கள். அவர்கள் ஊரிலேயே இணையத்தில் வாங்கி அவர்கள் வாசலுக்கே சேர்ப்பியுங்கள். தபால் செலவில் இன்னொரு பரிசு வாங்கிவிடலாம்.

மின்சாரமும் உப்புக்காற்றும்

ஊரிலிருந்து கொண்டுவந்த சீரியல் பல்பைச் செருகுமுன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றால் எங்கும் எரியும். 120 மட்டும் என்றால் 230 வோல்ட்டில் ஒரு பளிச், அதோடு சரி. செருகியின் வடிவத்தை மாற்றும் துண்டு வோல்டேஜை மாற்றாது. இந்த ஒரு குழப்பத்தில்தான் அதிகப் பொருள் கருகுகிறது. அதிர்வெண்ணும் சில பொருளைப் படுத்தும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பழைய மோட்டார் கடிகாரமோ டைமரோ 50 ஹெர்ட்ஸில் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

வாசலில் தொங்கவிடும் விளக்கு குறைந்தது ஐபி 44 தரம் (தூசியும் நீரும் எவ்வளவு புகாது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் குறியீடு). கடலைப் பார்த்த பால்கனி என்றால் ஐபி 65. உப்புக்காற்று முதலில் தின்பது இணைப்புகளை. செம்பு பச்சை பூத்து, பாதிச் சரம் அணைந்து கிடக்கும். இணைப்புகளை நீர்புகாத டேப்பால் சுற்றி, கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள்.

மரம்

குளிரூட்டிய கன்டெய்னரில் வெட்டிய கிறிஸ்துமஸ் மரம் வந்தால், வாங்கியதும் அடித்தண்டில் 2 செ.மீ. அளவுக்கு வட்டமாக அறுத்துவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். பழைய வெட்டுமுகம் பிசினால் அடைபட்டிருக்கும், நீர் ஏறாது. தண்டு 8 செ.மீ. தடிமன் என்றால் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர்வரை குடிக்கும். தொட்டி ஒருமுறை வறண்டால் வெட்டுமுகம் மறுபடி அடைத்துக்கொள்ளும், அப்புறம் இலை உதிர்வதை நிறுத்த முடியாது.

வெப்பத் தீவில் இதைவிட நல்லது தொட்டியில் வைத்த நார்ஃபோக் தீவுப் பைன். பெயரே சொல்வதுபோல் அது ஒரு தீவு மரம். உப்புக்காற்று அதற்குப் பழக்கம். கிளை மெல்லியது, கனமான அலங்கார உருண்டைகள் வேண்டாம். சவுக்குக் கிளையைக் கட்டி நிறுத்தினாலும் பைன் சாயல் வரும், ஆனால் இரண்டு மூன்று நாளில் வாடும்.

கடலில் அடித்து வந்த கட்டைகளை அடுக்கி மரம் செய்வது அழகுதான். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவிட்டு, தினமும் நீரை மாற்றி, வெயிலில் காயவையுங்கள். இல்லையென்றால் உப்பு பூத்துச் சுவரெல்லாம் ஈரம் இறங்கும். சிப்பி, பவளம் பொறுக்குவது பல தீவுகளில் குற்றம் என்பதால் கேட்டுவிட்டு எடுங்கள். பண்டிகை முடிந்ததும் அந்தக் கட்டையை அடுப்பில் வைக்கவே கூடாது. உப்பூறிய மரம் எரியும்போது டயாக்சின் என்ற நச்சு உண்டாகும்.

விருந்து

பறவையை வாங்குவதற்கு முன் ஓவனின் உள்ளளவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். வாடகை வீட்டு ஓவன் சிறியது. நான்கு பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டு எது நுழையுமோ அதுதான் உங்கள் விருந்தின் அளவு. இரண்டு பேருக்கு வான்கோழி வீண் ஜம்பம் என்பது எங்கள் கட்சி. ஒன்றரைக் கிலோ கோழி போதும். வான்கோழிதான் வேண்டும் என்றால் உறைநிலையிலிருந்து ஃப்ரிட்ஜில் இளக 2 முதல் 2.5 கிலோவுக்கு ஒரு நாள் பிடிக்கும். 5 கிலோ பறவையை 25ஆம் தேதி மதியம் வேகவைக்க, 22ஆம் தேதி காலையிலேயே உறைபெட்டியிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ் அடுக்கில், ஒரு தட்டின்மேல் வைத்துவிட வேண்டும். வெளியே வைத்து இளக்கினால் உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே மேல்தோலில் கிருமி பெருகிவிடும். தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் வெப்பமானியைச் செருகினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். உறைபெட்டி நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி என்றால் 24. காலியிடத்தைத் தண்ணீர் பாட்டிலால் நிரப்புங்கள்.

சாக்லேட்டைத் திறந்தபடி ஃப்ரிட்ஜில் வைப்பது எல்லோரும் செய்யும் பிழை. வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படியும். சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் சாம்பல் பூசியதுபோல் சொரசொரக்கும். காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். எடுத்த பிறகும் டப்பாவைத் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை அப்படியே விடுங்கள். கேக் மேல் பூசும் வெண்ணெய்க் கிரீம் 32 டிகிரியைத் தாண்டினால் வழியும்; வெண்ணெயில் பாதிக்கு வனஸ்பதி சேர்த்தால் நிற்கும். முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் மெரிங்கை ஈரக்காற்றில் பிசுபிசுவென்று அழுதுவிடும், முயலவே வேண்டாம்.

இரண்டு வீட்டுக்கும் போன்

பசிபிக்கில் உள்ள கிரிடிமாட்டித் தீவு உலக நேரத்துக்கு 14 மணி முன்னால், அமெரிக்க சமோவா 11 மணி பின்னால். இடையில் 25 மணி நேரம். பக்கத்துச் சமோவா நாடு 2011இல் தேதிக்கோட்டுக்கு மறுபக்கம் தாவியபோது டிசம்பர் 30 என்ற நாளே அங்கே வரவில்லை. ஆகவே "நாளைக்குக் கூப்பிடுகிறேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், அவர்கள் ஊர்த் தேதி, கிழமை, மணி மூன்றையும் சொல்லுங்கள். அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் கடிகாரத்தை மாற்றுவதால் பழைய கணக்கு ஒரு மணி நேரம் பிசகும்.

யார் வீட்டுக்கு முதலில் போன் என்பதில் கிளம்பும் மனஸ்தாபம் கேக் கருகியதைவிட நீளமாக ஓடும். கிறிஸ்துமஸ் முந்தின இரவு ஒரு வீடு, காலை ஒரு வீடு, புத்தாண்டுக்கு முறை மாற்றம் என்று நவம்பரிலேயே இருவீட்டாருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

ஒரே கடலடிக் கேபிளை நம்பியிருக்கும் தீவுகள் உண்டு. 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்பில் அறுந்த, பசிபிக் தீவு நாடான டோங்காவின் வெளிநாட்டுக் கேபிளைச் சரிசெய்ய ஐந்து வாரம் பிடித்தது. வாழ்த்து வீடியோவை 23ஆம் தேதியே அனுப்பிவிட்டால் வலை படுத்தாலும் கவலை இல்லை.

உங்களுக்குள்

தனித்தனித் தாளில் ஆளுக்கு மூன்று எழுதுங்கள்: இது இல்லையென்றால் பண்டிகையே இல்லை என்று தோன்றுபவை. பிறகு மாற்றிக்கொண்டு படியுங்கள். ஆறையும் செய்ய முடிந்தால் செய்யுங்கள். பொருள் கிடைக்காததை இருவரும் சேர்ந்து நீக்குங்கள், ஒருவரே நீக்கினால் அது பிப்ரவரியில் வேறு ரூபத்தில் வரும். நாளையும் நகர்த்தலாம். கப்பல் 27ஆம் தேதி வந்தால் விருந்து 28ஆம் தேதி.

ஊருக்கே போய்வர நினைத்தால், கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர் டிக்கெட்டைப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே எடுக்க வேண்டும். குடியிருப்பு அனுமதி பரிசீலனையில் இருக்கும்போது தீவை விட்டு வெளியேறினால் சில நாடுகளில் விண்ணப்பம் ரத்தாகும். திரும்பி வரும் அனுமதியைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

குளிர்த் தீவுகளில் சாக்லேட் கவலை இல்லை, இருட்டுதான் கவலை. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் டிசம்பர் கடைசியில் பகல் நான்கு மணி நேரம் சொச்சம். வெளிவேலைகளை நண்பகலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்; காற்று பலத்தால் படகு நிற்கும் என்பதால், மறுகரைப் பயணத்துக்கு ஒரு நாள் உபரி விடுங்கள்.

ஜனவரி முதல் வாரம் அலமாரிகள் மறுபடி காலியாக இருக்கும், துறைமுகத்திலும் விடுமுறை. அரிசி, பருப்பு, மாவு ஒரு வாரத்துக்கு மீத்து வையுங்கள். விளக்குச் சரங்களை ஈரத்துணியால் உப்புப்போகத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். அட்டைப்பெட்டி வேண்டாம், ஆறு மாதத்தில் பூசணம் பிடிக்கும். எது எந்தக் கப்பலில் வந்தது, எது வரவே இல்லை என்று ஒரு சீட்டில் எழுதி அந்த டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.