டேபிள்டாப் ஆர்.பி.ஜி. நடத்துவது எப்படி: மாய உலகிலும் விண்வெளியிலும்

டேபிள்டாப் ஆர்.பி.ஜி. (ரோல்-பிளேயிங் கேம், பாத்திரமேற்று ஆடுவது) என்பது நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பேச்சின் வழியாகவே ஒரு கதையை நிகழ்த்தும் ஆட்டம். ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து, உலகத்தையும் அதில் எதிர்ப்படும் மனிதர்கள், விலங்குகள், எதிரிகள் அனைவரையும் ஏற்று நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். கேம் மாஸ்டர் நிலைமையை விவரிக்கிறார். ஆட்டக்காரர் தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை உருட்டப்படுகிறது. விழுந்த எண்ணிலிருந்து அடுத்த நிலைமை பிறக்கிறது. டிராகன்கள் திரியும் உலகத்திலும் விண்கலங்கள் பறக்கும் உலகத்திலும் இந்தச் சுழற்சி ஒன்றேதான். பாத்திரங்களுக்குக் குறுக்கே நிற்கும் தடைகள்தாம் உலகத்துக்கு உலகம் மாறுகின்றன. செய்தி எவ்வளவு வேகமாகப் போகும், காயம் எத்தனை நாளில் ஆறும், எந்தப் பொருள் எளிதில் கிடைக்காது என்பவற்றை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளும் குழு, ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குச் சிரமமின்றி மாறிவிடும்.

இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மூன்று ஆண்டுகள் கழித்து, 1977இல், மார்க் மில்லரின் டிராவலர் விண்வெளியைக் களமாக்கியது. புதிதாகத் தொடங்கும் குழு மாய உலகத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கோட்டை, வாள், காடு, அரசன் என்றால் எல்லோர் மனத்திலும் உடனே ஒரு படம் விரிகிறது. விண்வெளி நிலையம் ஒன்றில் கதவு எப்படித் திறக்கும், காற்று எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டியிருக்கிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வந்திருப்பதால், பணம் செலவழிக்காமலே தொடங்கிவிடலாம். பின்னர் அறிவியல் புனைவுக்கு மாறும்போது, கெவின் கிராஃபோர்டின் ஸ்டார்ஸ் வித்தவுட் நம்பர் நல்ல பாலமாக அமையும். அதற்கும் இலவசப் பதிப்பு உண்டு. வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்ற அதே ஆறு பண்புகள் அதிலும் இருப்பதால், பழகிய கைகள் பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாளை நிரப்பத் தயங்குவதில்லை.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒருமுறை எல்லோரும் கூடிப் பேச வேண்டும். ஆட்டக்காரர்கள் இதைச் செஷன் ஜீரோ என்பார்கள். எந்த மாதிரியான கதை, எவ்வளவு அபாயம், பாத்திரங்கள் இறக்கலாமா, எந்த விஷயங்கள் மேசைக்கு வரவே கூடாது என்பவை அங்கே தீர வேண்டும். குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, சித்திரவதை போன்றவற்றை ஒருவர் விரும்பவில்லை என்றால், காரணம் கேட்காமல் அவற்றை விலக்கிவிட வேண்டும். நடுவில் யாருக்காவது மனம் ஒவ்வாமல் போனால், மேசையில் வைத்திருக்கும் ஓர் அட்டையைத் தொட்டாலே அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிடுவது என்ற வழக்கமும் பரவலாக உள்ளது. ஒருவரையொருவர் அதிகம் அறியாத குழுவுக்கு இது பெரும் பாதுகாப்பு.

பாத்திரங்களையும் அந்தக் கூட்டத்திலேயே சேர்ந்து உருவாக்குங்கள். தனித்தனியாக வீட்டில் உருவாக்கிக்கொண்டு வந்தால், ஐந்து பேரும் யாரையும் நம்பாத ஐந்து தனியாள்களாக வந்து நிற்பார்கள். அவர்களை ஒன்றுசேர்க்கவே முதல் அமர்வு முழுவதும் போய்விடும். ஒவ்வொரு பாத்திரமும் இன்னொரு பாத்திரத்தோடு ஏதாவது ஒரு பழைய தொடர்பு கொண்டிருக்க வேண்டும் என்று விதி வையுங்கள்: ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டிருக்கலாம், இருவரும் ஒரே படையிலிருந்து தப்பி வந்திருக்கலாம். நீண்ட பூர்வகதையைவிட, இப்போது நிறைவேற வேண்டிய ஒரே ஓர் ஆசை ஆட்டத்துக்கு அதிகம் பயன்படும்.

பகடையை எப்போது உருட்டச் சொல்வது என்பதில்தான் நல்ல கேம் மாஸ்டரின் திறமை தெரிகிறது. தோற்றாலும் ஜெயித்தாலும் கதையில் எதுவும் மாறாது என்றால் உருட்டச் சொல்லாதீர்கள். நடந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு நகருங்கள். உருட்டச் சொல்வதற்கு முன், தோற்றால் என்ன ஆகும் என்பதை ஆட்டக்காரர் அறிந்திருக்க வேண்டும். மழை பெய்யும் இரவில் ஒரு கோட்டைச் சுவரின் கீழ் நிற்கும் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம்.

“சுவரில் ஏறுகிறேன்” என்கிறார் ஆட்டக்காரர்.

“கல் ஈரமாக இருக்கிறது. மேலே ஒரு காவலன் நடந்து போகும் சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது. வேகமாக ஏறினால் அவன் திரும்பி வருவதற்குள் மேலே போய்விடலாம். கை நழுவினால் அவன் காதில் விழும். நிதானமாக ஏறினால் விழமாட்டாய். ஆனால் மேலே போகும்போது அவன் அங்கேயே இருப்பான். என்ன செய்கிறாய்?”

“அவன் நிற்கட்டும். நிதானமாக ஏறி, விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி அவன் கடந்து போகும்வரை காத்திருக்கிறேன்.”

இப்போது உருட்ட வேண்டியது ஏறும் திறமைக்காக அன்று. எவ்வளவு நேரம் தொங்க முடியும் என்பதற்காக. வெறுமனே “சரி, உருட்டு” என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் இந்தக் காட்சியே கிடைத்திருக்காது. விளைவை முன்கூட்டியே சொல்வது பரபரப்பைக் குறைக்கும் என்று சிலர் அஞ்சுவார்கள். உண்மையில், எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்து உருட்டும் பகடையைத்தான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

பகடைகளின் கணக்கையும் கேம் மாஸ்டர் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் ஆட்டம் மாறும்போது அந்தக் கணக்கும் மாறுகிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இருபது முகப் பகடை ஒன்றை உருட்டி, பாத்திரத்தின் திறனைக் கூட்டி, இலக்கு எண்ணைத் தொட வேண்டும். நடுத்தரக் கடினத்துக்கு இலக்கு 15. திறனில் கூடும் ஒவ்வொரு புள்ளியும் வெற்றி வாய்ப்பை 5 சதவீதம் உயர்த்துகிறது. டிராவலரில் ஆறு முகப் பகடைகள் இரண்டை உருட்டி, 8 அல்லது அதற்கு மேல் பெற வேண்டும். திறன் எதுவும் கூட்டப்படாதபோது வாய்ப்பு 36இல் 15, அதாவது ஏறத்தாழ 42 சதவீதம். ஒரே ஒரு புள்ளி கூடினால் அது 58 சதவீதமாகவும், இரண்டு கூடினால் 72 சதவீதமாகவும் தாவுகிறது. இருபது முகப் பகடைக்குப் பழகிய கேம் மாஸ்டர், நல்ல யோசனை சொன்னதற்காகத் தாராளமாக இரண்டு மூன்று புள்ளிகளை இங்கே வாரிக் கொடுத்தால், தோல்வி என்பது ஆட்டத்தில் அரிதாகிவிடும்.

இனி, உலகம் மாறும்போது மாற வேண்டியவற்றைப் பார்ப்போம். முதலில் செய்தி. மாய உலகத்தில் ஒரு குற்றம் நடந்தால் அடுத்த ஊருக்குத் தகவல் போகக் குதிரை வேண்டும். விண்வெளி நிலையத்தில் கேமரா, அடையாள அட்டை, கதவு திறந்த நேரத்தின் பதிவு என எல்லாமே சாட்சிகள். அதே கோட்டைக் காட்சியைப் பூட்டிய விண்கலக் கதவுக்கு முன் வைத்தால், ஆட்டக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “கணினியை ஏமாற்ற முடியுமா?” என்பதாக இருக்கும், அடுத்தது, “உதவிக்கு யாரையாவது கூப்பிட முடியுமா?” என்பது. இவ்விரண்டுக்கும் பதில் இல்லாமல் அறிவியல் புனைவு ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். டிராவலர் இதை மிக அழகாகத் தீர்க்கிறது. ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, ஒரு தாவலின் தூரம் எவ்வளவாயினும், ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எந்தச் செய்தியும் கலங்களை முந்திப் போகாது. ஆகவே ஒரு நிலையத்தைக் கொள்ளையடித்துவிட்டு ஓடுபவர்கள், தங்களுக்குப் பின்னால் எந்தக் கலம் எப்போது புறப்படும் என்பதைக் கணக்கிட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த ஒரு விதியிலிருந்தே ஒரு பருவம் முழுவதற்கும் போதுமான கதை கிடைத்துவிடும்.

அடுத்தது உடல். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் நன்றாக ஓய்வெடுத்தால் இழந்த உயிர்ப் புள்ளிகள் (பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கான எண்) அனைத்தும் திரும்பிவிடுகின்றன. ஐந்தாம் நிலையை எட்டிய மதகுரு, இறந்து ஒரு நிமிடம் கடவாதவரை, 300 பொற்காசு மதிப்புள்ள வைரத்தைச் செலவழித்து எழுப்பிவிட முடியும். அதற்குப் பழகியவர்கள் வாளை உருவத் தயங்குவதே இல்லை. டிராவலரில் அடி நேரடியாக உடலுறுதி, வலிமை, சுறுசுறுப்பு ஆகியவற்றையே குறைக்கிறது. குணமாக நாள்கள் ஆகும். மாறி வரும் குழுவுக்கு இதை விதிப்புத்தகத்தில் படித்துக்கொள்ளச் சொன்னால் போதாது. கதையின் தொடக்கத்திலேயே, ஆட்டக்காரர்களின் பாத்திரம் அல்லாத ஒருவர் ஒரே துப்பாக்கிச் சூட்டில் விழுவதைக் கண்ணால் பார்க்கட்டும். அதன் பிறகு பேரம் பேசுவதும் ஒளிந்து கடப்பதும் தானாகவே வரும்.

மூன்றாவது, பற்றாக்குறை. மாய உலகத்தில் அரியது மந்திரமும் அறிவும். பழைய சுவடியைத் தேடி ஒரு பாத்திரம் மலை ஏறும். விண்வெளியில் அறிவு கணினியில் கிடக்கிறது; அரியவை எரிபொருள், உதிரிபாகம், காற்று, மாதத் தவணைக்கான பணம். கலத்தின் பெயரில் கடன் இருக்கட்டும். அப்போது, சந்தேகத்துக்குரிய ஒரு சரக்கை ஏற்றிச் செல்ல ஒப்புக்கொள்ளும்படி ஆட்டக்காரர்களைக் கேம் மாஸ்டர் கெஞ்ச வேண்டியிருக்காது. இந்தக் கணக்கை எழுதும் பொறுப்பை ஆட்டக்காரர்களில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எண்கள் குறைவதை அவர்களே பார்க்கும்போது கவலையும் அவர்களுடையதாகிறது.

மேசையில் பேசாமல் இருப்பவரை மறக்க வேண்டாம், “நீ என்ன நினைக்கிறாய்?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “உன் பக்கக் கதவில் யாரோ தட்டுகிறார்கள்” என்று சொன்னால் அவர் தயக்கமின்றி உள்ளே வருவார். விதியில் சந்தேகம் வந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் புத்தகத்தைப் புரட்டாமல், அப்போதைக்கு ஒரு முடிவைச் சொல்லிவிட்டு, அமர்வு முடிந்தபின் சரிபாருங்கள்.

புதிய உலகத்துக்கு மாறுவதை நீண்ட தொடர்கதையாகத் தொடங்காமல், மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும் ஒற்றை அமர்வாக முதலில் நடத்திப் பாருங்கள். பாத்திரங்களை நீங்களே உருவாக்கிக் கொடுங்கள். களம் ஒரே ஒரு கலமாகவோ நிலையமாகவோ இருக்கட்டும். காற்று இன்னும் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள். முடிந்ததும் எந்த விதி காலை வாரியது, எந்தப் பாத்திரத்தைத் தொடர விருப்பம் என்று கேளுங்கள். தொடர்வதென்று முடிவானால், அடுத்த முறை எந்தத் திசையில் போகப்போகிறார்கள் என்பதை அவர்கள் எழுந்து செல்வதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் தயாரித்தால் போதும்.