வண்டியை லிஃப்ட் பண்ணியாச்சு, டயர் எது போடலாம்?

வண்டியின் பாடியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு முடித்ததும் சக்கர வளைவுக்குள் தெரியும் காலி இடத்தைப் பார்த்தால், அதை அடைக்கிற மாதிரி பெரிய டயராக மாட்டிவிடத்தான் யாருக்கும் தோன்றும். தப்பில்லை. பின்னால் முழு ஆக்ஸில் உள்ள வண்டியில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும், ஆக்ஸில் நடுவில் இருக்கும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியல் பழைய உயரத்திலேயேதான் தொங்கும், அதைத் தூக்குவது டயர் மட்டுமே. ஆனால் அளவைக் கடைசியாக முடிவு செய்யுங்கள் என்பேன்.

முதலில் வண்டி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். கடந்த மூன்று மாதத்தில் ஓடிய கிலோமீட்டரில் சேறும் பாறையும் எவ்வளவு, தார் ரோடு எவ்வளவு? பத்தில் எட்டு பங்கு தார் ரோடு என்றால் ஏ.டி. டயர், அதாவது ஆல் டெரெய்ன், போதும். எம்.டி. என்கிற மட் டெரெய்ன் டயரில் ரப்பர் கட்டைகள் பெரியவை, நடுவில் இடைவெளி அதிகம். சக்கரம் சுழலும்போது சேற்றை வெளியே வீசி எறிந்துவிட்டு மறுபடி பிடிக்கும், கட்டைகளின் ஓரம் பாறையைக் கவ்வும். அதே இடைவெளியால் ஈரத் தார் ரோட்டில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, நீரை வெட்டும் மெல்லிய கீறல்களும் குறைவு. நான் எம்.டி. போட்டிருந்த காலத்தில் ஒரு மழை நாளில், சிக்னலுக்கு முன்னால் எப்போதும் பிரேக் மிதிக்கும் அதே இடத்தில்தான் மிதித்தேன், வண்டி கோட்டைத் தாண்டி, நடந்து போகிறவர்களின் பாதைக்குள் போய்த்தான் நின்றது. அந்த நேரம் யாரும் கடக்கவில்லை. அடுத்த செட் ஏ.டி.தான் வாங்கினேன். வாரம் தவறாமல் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எம்.டி. சரி, மற்றவர்களுக்கு வேண்டாம். பனிப் பகுதியில் ஓட்டுபவர்கள் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் போட்ட முத்திரை டயரின் பக்கச் சுவரான சைடுவாலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முரட்டுக் கட்டைகள் இருந்தாலே பனிக்கட்டியில் பிடிக்கும் என்பது கிடையாது.

சரி, இப்போது அளவு. 265/70 ஆர் 17 என்றால் அகலம் 265 மில்லிமீட்டர், அதில் 70 சதவீதம் சைடுவால் உயரம், ரிம் 17 அங்குலம். மொத்த விட்டம் சுமார் 803 மில்லிமீட்டர். 285/70 ஆர் 17-க்கு மாறினால் விட்டம் 831 ஆகும். 28 மில்லிமீட்டர் கூடியதுபோல் தெரியும், ஆனால் ஆக்ஸிலுக்குக் கிடைப்பது அதில் பாதி, வெறும் 14. அந்தப் பதினாலுக்காக ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் சுமார் 103.5-ல் போவீர்கள், கியர் விகிதம் நீளும், ஏற்றத்தில் இஞ்சின் திணறும், டயர் கனமாவதால் பிரேக்குக்கும் வேலை கூடும். ஒரு படி ஏறினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இரண்டு மூன்று படி ஏறுகிறவர்கள் டிஃபரன்ஷியல் கியரை மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இடிக்குமா இடிக்காதா என்பதை சமதளத்தில் நிறுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பலரும் ஏமாறுவது இங்கேதான். நீங்கள் நினைத்திருக்கும் அளவில் டயர் வைத்திருக்கும் நண்பரிடம் ஒன்றைக் கடன் வாங்கி முன்பக்கம் மாட்டுங்கள். டயரின் தோள்பட்டையில், அதாவது தரையில் படும் பகுதி சைடுவாலைச் சேரும் ஓரத்தில், சாக்பீஸால் நன்றாகத் தேய்த்து, அந்தச் சக்கரத்தை ஒரு மேட்டில் ஏற்றி ஸ்பிரிங் முழுக்க அமுங்க வைத்து, மெதுவாக ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். அப்புறம் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சக்கர வளைவின் பிளாஸ்டிக் பின்புறம், அதற்குப் பின்னால் பாடியைச் சட்டத்தோடு பிணைக்கும் இடம், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கண்ட்ரோல் ஆர்ம், இந்த மூன்றில் எதிலாவது வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். பிளாஸ்டிக்கில் லேசான கோடு என்றால் வெட்டிச் சரிசெய்யலாம். கண்ட்ரோல் ஆர்மில் விழுந்தால் ரிம்மின் ஆஃப்செட், அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு, மாற வேண்டும், ஆனால் ஆஃப்செட்டை மாற்றிச் சக்கரத்தை வெளியே தள்ளினால் முன்னால் பம்பர் ஓரத்தில் போய் இடிக்கலாம், அதனால் இதே சோதனையைப் புது ரிம்மோடு இன்னொருமுறை செய்ய வேண்டும்.

ரிம்மைப் பொறுத்தவரை, பிரேக் காலிப்பர் இடம் கொடுக்கும் அளவுக்குச் சின்னதாகப் போடுங்கள். சைடுவால் உயரமாக இருந்தால்தான் காற்றைக் குறைக்கும்போது டயர் நீளமாகத் தரையில் படியும். கரடுமுரடான பாதையில் 20 பி.எஸ்.ஐ. பக்கம், மணலில் 15 பக்கம் என்று குறைப்பது வழக்கம், அதற்கும் கீழே போனால் டயரின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் இல்லாத ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடலாம். குறைத்த காற்றோடு வேகமாகப் போகவே கூடாது, சைடுவால் சூடாகிக் கிழியும். ஆகவே கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கட்டும்.

எல்.டி., அதாவது லைட் டிரக் டயர்களில், எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைச் சொல்லும் லோட் ரேஞ்ச் சி, டி, இ என்று வரும். இந்த மூன்றில் இ-தான் அதிகம் தாங்கும், ஆனால் கனமும் விறைப்பும் அதிகம். கூரைக் கூடாரம், வின்ச், தண்ணீர் டேங்க் என்று பாரம் ஏற்றாதவருக்கு சி போதும், பயணம் எவ்வளவோ மென்மையாக இருக்கும். பாறையில் அதிகம் போகிறவர்கள் சைடுவாலில் மூன்று அடுக்கு உள்ளதைத் தேடுங்கள், சைடுவால் கிழிந்தால் பஞ்சர் ஒட்டிச் சமாளிக்க முடியாது.

வாங்கும்போது சைடுவாலில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள், 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். ஐந்து டயராக வாங்குங்கள். ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருந்தால், எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாகலாம். ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் புது அளவு நுழைகிறதா என்பதையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள், நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மாட்டியதும் அலைன்மென்ட், நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி இறுக்குவது, ஸ்பீடோமீட்டரைத் திருத்துவது எல்லாம் உண்டு. பிறகு அதே சாக்பீஸை எடுத்து டயரின் குறுக்கே ஒரு பட்டை வரைந்து, சமமான ரோட்டில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் மட்டும் அழிந்தால் குறைவு. சமமாக அழியும்போது உள்ள காற்றழுத்த எண், உங்கள் பாரத்துக்கு டயர் கம்பெனியின் அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே இல்லை என்று சரிபார்த்துவிட்டு, அதை எழுதி ஓட்டுநர் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.