சிறுநீர்க் கோளாறு உள்ள பூனைக்கு உணவு தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூனை மணல் தட்டுக்குள் போய்க் குந்துகிறது. கொஞ்ச நேரம் முக்கிவிட்டு, மணலைக் கிளறிவிட்டு வெளியே வருகிறது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் உள்ளே போகிறது. எட்டிப் பார்த்தால் சுண்டுவிரல் நகமளவுக்குத்தான் மணல் நனைந்திருக்கிறது. சில சமயம் அந்த ஈரத்தில் இளஞ்சிவப்புச் சாயலும் தெரிகிறது. இதைக் கண்டதும் பூனை வளர்ப்பவர்களில் பலர் அன்று மாலையே கடைக்குப் போய், ‘சிறுநீர் நலம்’ என்று பையின் மேல் அச்சிட்ட உலர் உணவை வாங்கி வந்துவிடுகிறார்கள். அக்கறையினால் செய்வதுதான் என்றாலும், இதில் ஒரே நேரத்தில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. நோய் இன்னதென்று தெரியும் முன்பே உணவு முடிவாகிவிட்டது. அந்த உணவும் உலர்ந்ததாக இருக்கிறது.

இவற்றுக்கு முன்னால், உணவைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லாத ஒரு நிலையைச் சொல்லிவிட வேண்டும். கடுவன் பூனையின் சிறுநீர்த்தாரை நுனியை நெருங்க நெருங்க மிகவும் குறுகலானது. சளியும் படிகங்களும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து திரண்ட ஓர் அடைப்போ, சிறு கல்லோ அதில் சிக்கிக்கொண்டால் சிறுநீர் முற்றிலும் நின்றுவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைத்து, ஓரிரு நாள்களுக்குள் உயிரையே பறித்துவிடக்கூடிய நிலை இது. பூனை முக்குகிறது, ஆனால் ஒரு சொட்டுகூட வரவில்லை, வயிற்றைத் தொட்டால் கத்துகிறது, வாந்தி எடுக்கிறது என்றால் அந்த நேரத்திலேயே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். புதிய உணவைக் கொடுத்துவிட்டு விடியும் வரை காத்திருப்பதைப் போன்ற ஆபத்தான தவறு வேறில்லை.

பெயர் தெரியாத நோய்க்கு உணவு

‘சிறுநீர்ப் பிரச்சினை’ என்பது ஒரு நோயின் பெயரன்று. ஒரே மாதிரி அறிகுறிகளைக் காட்டும் பல நோய்கள் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளில் மிக அதிகமாகக் காணப்படுவது, கல்லோ கிருமியோ இன்றி, தெளிவான காரணம் எதுவும் பிடிபடாமல் வரும் சிறுநீர்ப்பை அழற்சி. அடுத்து வருபவை கற்களும் அடைப்புகளும். கிருமித்தொற்று இளம் பூனைகளில் அரிது. வயதான பூனைகளில்தான் அது அதிகம். இவை ஒவ்வொன்றிலும் உணவால் ஆகக்கூடிய வேலை வேறு. அழற்சி உள்ள பூனைக்கு மன அழுத்தமும் ஒரு முக்கியக் காரணி என்பதால், மணல் தட்டுகளின் எண்ணிக்கையையும் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்பதையும் கவனிக்காமல் உணவை மட்டும் மாற்றுவது அரைகுறை வைத்தியமாகவே முடியும்.

கற்களிலும் இரண்டு வகைகளைப் பிரித்தறிவது அவசியம். மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் ஆகியவை சேர்ந்து உருவாகும் ஸ்ட்ரூவைட் கல், சிறுநீர் காரத்தன்மைக்குச் சாயும்போது வளரும். அதற்கென வடிவமைத்த உணவை மட்டுமே கொடுத்தால், பெரும்பாலும் 2 முதல் 5 வாரங்களுக்குள் கரைந்தும் போகும். கால்சியம் ஆக்சலேட் கல் அப்படியல்ல. அதைக் கரைக்கும் உணவு எதுவும் கிடையாது. வெளியே எடுத்தாக வேண்டும், மீண்டும் வராமல் தடுப்பதற்கு மட்டுமே உணவு உதவும். அமிலத்தன்மை மிகுந்த சிறுநீர் இந்தக் கல்லுக்குச் சாதகமானது என்பதுதான் இதிலுள்ள சிக்கல். 1980-களில் பூனைகளின் கற்களில் ஸ்ட்ரூவைட்டே பெரும்பான்மையாக இருந்தது. அதைத் தடுப்பதற்காக உணவுகளில் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும்படி கலவையை மாற்றியபின், ஸ்ட்ரூவைட் குறைந்தது. ஆக்சலேட் கற்களின் பங்கு உயர்ந்தது. ஒரு கல்லுக்கு மருந்தாகும் உணவு இன்னொரு கல்லுக்கு உரமாகிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை. ஆகவே சிறுநீர்ப் பரிசோதனையும், எக்ஸ்ரே அல்லது ஸ்கேனும் முடிந்த பிறகே உணவின் பெயரைக் கேட்க வேண்டும்.

பரிசோதனை முடிவைப் படிப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. சிறுநீரில் படிகங்கள் தென்பட்டன என்றவுடன் கல் வந்துவிட்டதாகக் கருதிவிடுகிறார்கள். நலமான பூனையின் சிறுநீரிலும் சில படிகங்கள் இருக்கலாம். எடுத்த சிறுநீரைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தாலோ, மணிக்கணக்கில் தாமதித்தாலோ, உடலுக்குள் இல்லாத படிகங்கள் குப்பிக்குள் உருவாகிவிடும். மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, எப்போது பார்க்கப்பட்டது என்று கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பதாகாது.

தண்ணீர்க் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் உடலிலிருந்தே பெரும்பாலான நீரைப் பெற்று, சிறுநீரை மிகவும் செறிவாக்கி வெளியேற்றி வாழ்ந்த உயிரினம் அது. தாகம் எடுத்தவுடன் கிண்ணத்தைத் தேடிப் போகும் பழக்கம் அதன் வழிவந்த பூனைக்கும் குறைவு. செறிந்த சிறுநீரில் தாது உப்புகள் நெருக்கமாக இருக்கின்றன. பூனை அரிதாகவே சிறுநீர் கழிப்பதால் அவை நெடுநேரம் பைக்குள் தங்கவும் செய்கின்றன. எந்த வகைக் கல்லானாலும், வெறும் அழற்சியே ஆனாலும், சிறுநீரை நீர்க்கச் செய்வது நன்மை தரும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் நீர் தேவை. அதன் ஆற்றல் தேவைக்கு ஏறத்தாழ 60 கிராம் உலர் உணவு போதும். அதில் உள்ள ஈரம் 8 சதவீதம் என்று கொண்டால் கிடைக்கும் நீர் 5 மில்லிலிட்டருக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. அதே ஆற்றலுக்கு 250 கிராம் டப்பா உணவு கொடுத்தால், அதன் 80 சதவீத ஈரத்தால் 200 மில்லிலிட்டர் நீர் தட்டிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. உலர் உணவு உண்ணும் பூனை கிண்ணத்திலிருந்து கூடுதலாகக் குடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கு அது குடிப்பதில்லை. உணவுப் பையின் விலையையும் வாசனையையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் பார்க்கத் தவறுவது இந்த ஈரத்தின் அளவைத்தான்.

ஈர உணவை ஏற்காத பூனைக்கு உலர் உணவின் மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றி ஊறவைத்துக் கொடுக்கலாம். முதல் நாளே மிதக்க விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஊறிய உணவு விரைவில் கெடும் என்பதால் மீதியை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றுச் சாதனம் சில பூனைகளுக்குப் பிடிக்கும். நான் ஆசையாக வாங்கி வைத்ததை என் கடுவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. குளியலறை வாளியில் எட்டிக் குடிப்பதுதான் அதற்கு உவப்பாக இருந்தது. வாளியைத் தினமும் கழுவி நிரப்பி வைத்ததோடு அந்த விவகாரம் முடிந்தது.

நீர் அதிகம் குடிக்கட்டும் என்று வீட்டில் உப்பைச் சேர்ப்பது கூடாது. சில மருத்துவ உணவுகளில் சோடியம் திட்டமிட்டே கூட்டப்பட்டிருக்கும். அது அளந்து செய்த கலவை. சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்ட பூனைக்கு அதுவும் மருத்துவரைக் கேட்டே தரப்பட வேண்டியது. பாலை நீருக்கு மாற்றாகக் கருதுவதும் தவறு. வளர்ந்த பூனைகளில் பல பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்க இயலாமல் வயிற்றுப்போக்குக்கு ஆளாகின்றன, அதனால் உடலிலிருந்து நீர் குறையவே செய்யும். இறைச்சி வேகவைத்த நீரைக் கொடுக்கலாம். அதில் வெங்காயமோ பூண்டோ இருந்தால் பூனையின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் என்பதால் வீட்டுச் சமையலில் மிஞ்சிய குழம்புச்சாறு உதவாது.

பையின் மேல் எழுதியிருப்பது

‘சாம்பல் குறைவு’ என்ற வாசகத்தைப் பார்த்து உணவு வாங்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. உணவை எரித்தால் எஞ்சும் எல்லாத் தாதுக்களின் மொத்தமே சாம்பல். அதில் மக்னீசியம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. சிறுநீர் எந்தப் பக்கம் சாயும் என்பதையும் சொல்லாது. மக்னீசியம் மட்டும் குறைந்திருப்பதும் போதாது. சிறுநீர் காரமாகவும் செறிவாகவும் இருந்தால் குறைந்த மக்னீசியமே கல் உருவாகப் போதுமானது.

ஈர உணவையும் உலர் உணவையும் பட்டியலில் உள்ள சதவீதத்தை வைத்து நேருக்கு நேர் ஒப்பிடுவது இன்னொரு பிழை. டப்பாவில் புரதம் 10 சதவீதம், பையில் 32 சதவீதம் என்று பார்த்து டப்பாவை ஒதுக்கிவிடுவோர் உண்டு. நீரைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், 80 சதவீத ஈரமுள்ள டப்பாவில் புரதம் 50 சதவீதம். 8 சதவீத ஈரமுள்ள பையில் ஏறத்தாழ 35 சதவீதம். தாதுக்களையும் இப்படியே நீர் நீக்கிய எடையில் ஒப்பிட வேண்டும்.

மருத்துவர் எழுதித் தரும் உணவும், ‘சிறுநீர் நலம்’ என்ற பெயரோடு கடையில் விற்கப்படும் பொது உணவும் ஒன்றல்ல. முன்னது குறிப்பிட்ட சிறுநீர் அமிலநிலையை, ஸ்ட்ரூவைட்டைக் கரைக்கும் உணவானால் பெரும்பாலும் பி.எச். 6.0 முதல் 6.4 வரை, இலக்காகக் கொண்டு தயாரிக்கப்படுவது. வளரும் குட்டிக்கும் சினையாக உள்ள பூனைக்கும் சிறுநீரக நோயுள்ள பூனைக்கும் இத்தகைய அமிலமாக்கும் உணவு பொருந்தாது. வீட்டில் பல பூனைகள் இருந்தால் ஒரே தட்டில் எல்லாவற்றுக்கும் அதையே வைப்பது வசதியாகத் தோன்றினாலும் சரியன்று.

கூட்டுவதும் கலப்பதும்

மருத்துவ உணவைத் தொடங்கியபின் அதன் பலனைக் கெடுப்பது பெரும்பாலும் பாசம்தான். காலையில் மருத்துவ உணவு, மாலையில் பழைய உணவு, நடுவில் இரண்டு தின்பண்டம் என்று போனால் கல் கரைவதற்கான சிறுநீர் உருவாகவே உருவாகாது. கல் கரையும் வாரங்களில் வேறு எதுவும் கூடாது. பிற்காலத்திலும் தின்பண்டங்கள் நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வீட்டில் உள்ள அனைவரிடமும் இதைச் சொல்லி வைப்பது முக்கியம். மற்றவர்களுக்குத் தெரியாமல் ஊட்டுபவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார், பூனைக்கு அவரை நன்றாகத் தெரியும்.

அமிலமாக்கும் உணவோடு அமிலமாக்கும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் இரத்தமே அமிலமாகும் அபாயம் உண்டு. வைட்டமின் சி உடலில் ஆக்சலேட்டாக மாறக்கூடியது. ‘இயற்கையானது’ என்ற காரணத்துக்காக அதை ஆக்சலேட் கல் வந்த பூனைக்குக் கொடுக்கக்கூடாது. குருதிநெல்லிச் (கிரான்பெர்ரி) சாறு பூனைகளின் இந்தக் கோளாறுகளுக்குப் பயன்படும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க விரும்புபவர்களின் எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற அமினோ அமிலம் சமைக்கும் நீரில் கரைந்து போகும். அதன் குறைபாடு இதயத் தசையைத் தளர்த்திவிடும் என்பது 1987-இலேயே நிறுவப்பட்டது. பூனை கட்டாய ஊனுண்ணி என்பதால் தாவர உணவு அதற்குப் பொருந்தாது, அது சிறுநீரைக் காரமாக்கவும் செய்யும். கால்நடை ஊட்டச்சத்து வல்லுநர் எழுதித் தந்த அளவுகளை எடை பார்த்துப் பின்பற்ற முடியாவிட்டால் இந்த வழியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அவசரமான மாற்றம்

புதிய உணவுக்கு 7 முதல் 10 நாள்கள் எடுத்துக்கொண்டு, பழையதைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். ‘பசித்தால் தானே தின்னும்’ என்ற பிடிவாதம் பூனையிடம் செல்லாது. குறிப்பாகப் பருத்த பூனை இரண்டு மூன்று நாள்கள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் முழுவதும் எதையும் தொடவில்லையானால் பழைய உணவைத் திரும்ப வைத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். டப்பா உணவைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைக்காமல் உடல் வெப்பநிலைக்குச் சூடாக்கி வைத்தாலே பாதி மறுப்பு மறைந்துவிடும்.

அளவும் உணவின் ஒரு பகுதியே. கிண்ணம் காலியாகக் காலியாக நிரப்பும் வழக்கம் பூனையைப் பருக்க வைக்கிறது. பருமனும் அசையாத வாழ்க்கையும் சிறுநீர்க் கோளாறுகளுக்குத் துணை போகின்றன. சமையலறைத் தராசில் நிறுத்து, சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பது நன்று.

அறிகுறி நின்றவுடன் பழைய உணவுக்குத் திரும்புவதே கடைசியில் எஞ்சும் தவறு. அழற்சி எந்த உணவைக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே தணியும். எனவே பூனை நலமாகத் தெரிவதை வைத்து உணவை எடைபோட இயலாது. கல்லுக்கு மறு எக்ஸ்ரே வேண்டும். அதோடு சிறுநீரின் ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரோடு ஒப்பிட அது எவ்வளவு செறிவானது என்று காட்டும் எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்: உலர் உணவு உண்ணும் பூனைகளில் 1.050-ஐத் தாண்டுவதும் உண்டு, 1.035-க்குக் கீழே வந்தால் தண்ணீர் போய்ச் சேர்கிறது என்று பொருள். வீட்டில் இருந்தபடியே பார்க்க வேண்டுமானால் கட்டியாகும் மணல் போதும்; தினம் அள்ளும் கட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்று பார்த்தால் ஈர உணவுக்கு மாறிய சில நாள்களிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.