துண்டு மாட்டும் ஸ்டாண்டை நீங்களே செய்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சொந்தமாக டவல் ஸ்டாண்டு செய்பவர்கள் பெரும்பாலும் மரத்தையும் கம்பியையும் தேர்ந்தெடுப்பதிலேயே நேரத்தைச் செலவிட்டுவிட்டு, சுவரைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஸ்டாண்டு கழன்று விழுவதும், துண்டு காயாமல் நாறுவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கே மாட்டப் போகிறோம், அந்தச் சுவர் எப்படிப்பட்டது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பொருள் வாங்குங்கள்.

காய்ந்த குளியல் துண்டு ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். நனைந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். இரண்டு மூன்று துண்டுகள் தொங்கும்போது யாராவது ஒன்றை வெடுக்கென்று இழுத்தால், அந்த இழுப்பின் பெரும்பகுதி மேல் ஸ்க்ரூவுக்குத்தான் போகிறது. அதனால் தாங்கியில் இரண்டு ஸ்க்ரூக்களையும் பக்கவாட்டில் போடாமல், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இடைவெளி விட்டுப் போடுவது நல்லது.

டைல்ஸ் சுவரில் அதிகம் நடக்கும் தவறு, பிளக் (ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) டைல்ஸின் கனத்துக்குள்ளேயே நின்றுவிடுவது. ஸ்க்ரூ ஏறும்போது பிளக் விரியும், டைல்ஸ் விரிசல் விட்டுவிடும். டைல்ஸ், அதன் பின்னால் உள்ள கலவை இரண்டையும் தாண்டி பிளக் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். அதற்கு 25 மி.மீ. ஸ்க்ரூ போதாது, 50 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். துளை போடும் இடத்தில் காகித டேப் ஒட்டி, டிரில் மெஷினில் ஹேமர் மோடை (இடித்துத் துளைக்கும் முறையை) அணைத்துவிட்டு, டைல்ஸுக்கான பிட்டால் மெதுவாகத் துளையுங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகு ஹேமரைப் போட்டுக்கொள்ளலாம். குழாய்க்கும் ஷவருக்கும் நேர் மேலேயோ கீழேயோ துளை போடவே கூடாது. உள்ளே தண்ணீர் பைப் அந்த வழியாகத்தான் போயிருக்கும். சுவிட்சுக்கு மேலும் கீழும் வயர் ஓடும், அங்கேயும் கை வைக்காதீர்கள். டைல்ஸ் கோடு நேராக இருக்கும் என்று நம்பாமல் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் இடைவெளி. கம்பியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பார்க்க அடக்கமாக இருக்கும், ஆனால் துண்டின் பின்பக்கம் காயாது. சுவரிலிருந்து 7, 8 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். இரட்டைக் கம்பி என்றால் இரண்டுக்கும் நடுவே 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நீளம் 60 செ.மீ. இருந்தால் பெரிய துண்டை ஒரு மடிப்பில் விரித்துப் போடலாம். நான்கைந்து மடிப்பாகத் தொங்கும் துண்டு எந்த ஸ்டாண்டிலும் நாறத்தான் செய்யும். என்னைக் கேட்டால், கம்பிக்குப் பதில் வரிசையாகக் கொக்கி அடிப்பதும் இதே காரணத்தால் சரியான யோசனை இல்லை.

பொருளில் ஏமாறும் இடங்களும் உண்டு. காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக அது நல்ல ஸ்டீல் ஆகிவிடாது. நிக்கல் குறைவான 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் ஈரத்தில் அது துருப்பிடிக்கும். குளியலறைக்கு 304 என்று கேட்டு வாங்குங்கள், ஸ்க்ரூவும் அதே ரகமாக இருக்கட்டும். இரும்பு ஸ்க்ரூவின் துரு டைல்ஸில் வழிந்து கறையாகிவிடும். பி.வி.சி. பைப் நடுவில் தொய்யும், உள்ளே ஒரு மரக்கம்பைச் செருகினால் நிற்கும்.

மரம் என்றால், மரநாரையும் மரத்தூளையும் ஒட்டி அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு பக்கமே போக வேண்டாம். ஈரம் பட்டு ஊதிவிட்டால் திரும்பச் சரியாகாது. தேக்கு தாங்கும். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்காவிட்டால் சிம்பு துண்டின் நூலை இழுத்துவிடும். வார்னிஷ் அடிப்பவர்கள் முன்பக்கத்தைப் பளபளப்பாக்கிவிட்டு, அறுத்த முனைகளையும் ஸ்க்ரூ துளையின் உள்பக்கத்தையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மரம் தண்ணீரை வேகமாக உறிஞ்சுவது அந்த முனைகள் வழியாகத்தான். அங்கே இரண்டு மூன்று கோட் கூடுதலாகவே அடியுங்கள். கையில் ஒட்டவில்லை என்று அன்றைக்கே ஈரத்துண்டைப் போட்டுவிட வேண்டாம். வார்னிஷ் முழுதாக இறுக எத்தனை நாள் என்று டப்பாவில் போட்டிருக்கும், அதுவரை ஸ்டாண்டு சும்மா இருக்கட்டும்.