எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து யூனிட் வரை: ஆற்றல் கணக்கில் சறுக்கும் இடங்கள்

ஆற்றல் அலகுகளை மாற்றும்போது தப்பு விடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் சூத்திரம் நன்றாகவே தெரியும். 1.602 என்ற எண்ணும் மனப்பாடமாக இருக்கும். பத்தின் அடுக்கில்தான் கோட்டை விடுவார்கள். ஒரு எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றல், 1.602 × 10⁻¹⁹ ஜூல். மின் கட்டணத்தில் வரும் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, 36 லட்சம் ஜூல். அவ்வளவு பெரிய இடைவெளியில் 1.602 போல முன்னால் நிற்கும் முன்னெண் கொஞ்சம் பிசகினால் போகட்டும், அடுக்கு பிசகினால் விடையே இல்லை.

அதனால் எழுதத் தொடங்கும் முன்பே விடை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அரிசி மூட்டையைக் கிலோவில் சொன்னால் 25, கிராமில் சொன்னால் 25,000. சின்ன அலகுக்குப் போனால் எண் பெருக வேண்டும். ஜூலை எலக்ட்ரான் வோல்ட்டாக்கினீர்கள், எண் சிறுத்துப் போனது என்றால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள்.

கால்குலேட்டர் செய்யும் குழப்பத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு யூனிட்டில் எத்தனை எலக்ட்ரான் வோல்ட்? 3.6 × 10⁶-ஐ 1.602 × 10⁻¹⁹-ஆல் வகுக்க வேண்டும். அடைப்புக்குறி போடாமல் அப்படியே வரிசையாக அழுத்தினால், கருவி 1.602-ஆல் மட்டும் வகுத்துவிட்டு 10⁻¹⁹-ஆல் பெருக்கிவிடும். வர வேண்டியது 2.25 × 10²⁵. திரையில் வருவது 2.25 × 10⁻¹³. முன்னெண் 2.25 சரியாக இருப்பதால் சந்தேகமே வராது, ஆனால் 38 அடுக்கு போய்விட்டது. கீழே வரும் எண்ணை முழுதாக அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அல்லது பத்தின் அடுக்கை எண்ணோடு சேர்த்தே பதியும் ‘எக்ஸ்ப்’ (EXP) பொத்தானைப் பயன்படுத்துங்கள். அந்தப் பொத்தானிலும் ஒரு வம்பு உண்டு: 10⁶ வேண்டும் என்று 10 அழுத்தி, எக்ஸ்ப் அழுத்தி, 6 அழுத்தினால் கிடைப்பது 10⁷. அங்கே அழுத்த வேண்டியது 1.

ஆங்கில எழுத்தில் குறிக்கும்போது சின்ன எம் மில்லி (ஆயிரத்தில் ஒன்று), பெரிய எம் மெகா (பத்து லட்சம்). இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு. குறிப்பெடுக்கும் அவசரத்தில் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டால் அணுக்கருவின் ஆற்றல் அறை வெப்பத்தின் அளவுக்கும் கீழே இறங்கிவிடும். கலோரியும் இதே ரகம்தான். பிஸ்கட் பாக்கெட்டில் நாம் வாசிக்கும் ‘கலோரி’ உண்மையில் கிலோ கலோரி, 4184 ஜூல்.

இன்னொரு தவறு, ஒரு துகளின் ஆற்றலையும் மொத்த ஆற்றலையும் ஒன்றாகப் பார்ப்பது. புரோட்டான்களை வேகப்படுத்தி மோதவிடும் கருவியான செர்ன் ஆய்வு மையத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவி, ஒரு புரோட்டானுக்கு 7 டெரா எலக்ட்ரான் வோல்ட் கொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ‘டெரா’ (லட்சம் கோடி) என்றதும் மலைப்பு வரும். மாற்றிப் பார்த்தால் ஒரு ஜூலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் ஒரு கற்றையில் அப்படி 3.2 × 10¹⁴ புரோட்டான்கள் ஓடும். பெருக்கினால் சுமார் 36 கோடி ஜூல், கிட்டத்தட்ட 100 யூனிட். ஆகவே ‘டெரா எலக்ட்ரான் வோல்ட்’ என்று எங்கே பார்த்தாலும், அது ஒரு துகளுக்கா, மொத்தத்துக்கா என்று முதலில் கேளுங்கள்.

யுரேனியத்திலும் இதே கேள்விதான். யுரேனியம்-235 அணு ஒன்று பிளந்தால் ஏறத்தாழ 200 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 3.2 × 10⁻¹¹ ஜூல். ஒரு கிலோவில் 2.56 × 10²⁴ அணுக்கள். எல்லாம் பிளந்தால் 8.2 × 10¹³ ஜூல், யூனிட்டில் 2.3 கோடி. ஜூலில் இருந்த பெரிய எண் யூனிட்டில் சிறுத்திருக்கிறது, சரி, திசை ஒத்துப்போகிறது.

இங்கேதான் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். வந்தது வெப்பம், மின்சாரம் அல்ல. அணுமின் உலையில் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக வெளியே வரும். அப்புறம், மெகாவாட் என்பது திறன். அதை மணியால் பெருக்கினால்தான் ஆற்றல். கூடங்குளத்தில் இருப்பது போன்ற 1000 மெகாவாட் உலை ஒரு நாள் முழுத் திறனில் ஓடினால் 2.4 கோடி யூனிட். அதற்குத் தோராயமாக 3 கிலோ யுரேனியம்-235 பிளவுபட வேண்டும். வெப்பத்தை அப்படியே மின்சாரமாக எடுத்துக்கொண்டவர் ஒரு கிலோ போதும் என்று எழுதியிருப்பார், அத்தனை அடுக்குகளையும் சரியாகப் போட்ட பிறகும்.