தொட்டித் தண்ணீரைத் தொடாத மாடுகள்

தாகத்தோடு தொட்டி வரை வரும், நுனி நாக்கால் நக்கும், சட்டென்று விலகிவிடும். கொளுத்தும் வெயிலிலும் மாடுகள் இதையே செய்தன. வயிறு ஒட்டத் தொடங்கியது.

பாசியைச் சுரண்டித் தொட்டியைக் கழுவினேன். பயனில்லை. கால்நடை மருத்துவர் வாய், பல் எல்லாம் பார்த்து, நோய் இல்லை என்றார். அதே தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு காய்ந்த மண்ணில் வைத்தால் மட்டும் மடமடவென்று குடித்தன!

ஞாயிறு ஜெபம் முடிந்து மேய்ச்சல் பக்கம் போனேன். கரண்ட் இல்லை. எல்லா மாடும் தொட்டியில் முகம் புதைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், விடை கிடைத்துவிட்டது: தண்ணீரில் கரண்ட் கசிகிறது.

கரண்ட் வந்ததும், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரிலும், மறுமுனையைக் குளம்பு படும் ஈரத் தரையிலும் வைத்தேன். எண் நிலையாக நிற்கவில்லை. மேய்ச்சலைச் சுற்றியுள்ள வேலிக் கம்பிக்கு விட்டுவிட்டு மின்சாரம் அனுப்பும் மின்வேலிப் பெட்டி 'டிக்' என்னும்போதெல்லாம் எண் துள்ளியது. மீட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்தால் இது தெரியாது. ரப்பர் பூட்ஸ் போட்ட நமக்கும் உறைக்காது. ஈர மூக்கும் ஈரக் குளம்புமாக நிற்கும் மாட்டுக்குச் சில வோல்ட்டே போதும்.

வேலியின் எர்த் கம்பி தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாயை ஒட்டி அடிக்கப்பட்டிருந்தது. அதைப் பிடுங்கி, 10 மீட்டருக்கு அப்பால் ஈரப்பதமான இடத்தில், ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளி விட்டு மூன்று கம்பிகளாக அடித்தேன். வேலிக் கம்பியில் உரசிய புல்லையும் வெட்டினேன். அப்புறம் மீட்டர் துள்ளவில்லை.

மாடுகள் உடனே நம்பவில்லை. கிழட்டுப் பசு ஒன்று முதலில் குடித்தது. மற்றவை அதன் பின்னால் வந்தன.